ஒரு மாத்திரையின் விலை

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளராக இருக்கும் என் அண்ணன் மகன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். தொலைக்காட்சியில் ஆப்பிரிக்க நாடுகளின் கடன் பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. “கோவிட் முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு. இன்னுமா சித்தப்பா இவங்க எழுந்திருக்கல? நாமெல்லாம் எழுந்துட்டோமே?” என்றான். கேலி இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான்.

எழுந்தோம், சரி. எப்படி எழுந்தோம்?

2021 ஜூன் கடைசியில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். கொடியைப் பார்த்ததும் இனம், மதம் பார்க்காமல் அரிசியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தார்கள் அக்கம்பக்கத்தார். அது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த அரிசி சில நாள் பசியைத்தான் ஆற்றியது. கடை திறந்ததும் வேலை திரும்பியதும் தடுப்பூசி வந்த பிறகுதான். ஸ்பைஸ் அரங்கில் வரிசை பிடித்துப் போட்டுக்கொண்டோமே, அந்த ஊசி. அந்த ஆண்டு முடிவதற்குள் நம் நாட்டுப் பெரியவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. அதே நேரத்தில் உலகின் மிக ஏழை நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூட முதல் ஊசி கிடைத்திருக்கவில்லை.

அவர்களுக்காக கோவாக்ஸ் என்ற திட்டம் இருந்தது. பணக்கார நாடுகள் பணம் போடும், ஊசி வாங்கி ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. அந்த ஊசிகளில் பெரும்பகுதிக்கு இந்தியாவில் பூனா நகரத்து ஆலையைத்தான் நம்பியிருந்தார்கள். 2021 மார்ச்சில் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதி நின்றது. அவர்கள் வீட்டிலேயே பிணம் எரியும்போது யாரைக் குறை சொல்ல? உலகமே ஓரிரு ஆலைகளை நம்பி நின்றதுதான் கோளாறு.

இந்த இடத்தில் நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். கோவிட்டுக்கு முந்தையது. நம்மில் பலருக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் லாரி ஓட்டிய ஓர் அண்ணனுக்கு ஹெபாடிடிஸ் சி இருந்தது. கல்லீரலை அரித்துக்கொண்டே போகும் கிருமி. அதைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013 கடைசியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். இங்கே விலை அவ்வளவு இல்லை என்றாலும், பல பத்தாயிரம் வெள்ளி. நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டிருந்தார்கள். அந்த விலையில் அரசாங்கம் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்?

2017 செப்டம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம் ஒரு முடிவை அறிவித்தார். 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் அரசாங்கத்துக்கு உள்ள உரிமையை இந்த மாத்திரைக்குப் பயன்படுத்துவது என்று. காப்புரிமை அந்த நிறுவனத்திடமே இருக்கும், அதற்கு ஈட்டுத்தொகையும் உண்டு. ஆனால் அரசு மருத்துவமனைகளுக்காக மலிவான மாற்று மருந்தை வேறு இடத்தில் வாங்கலாம். இந்த மாத்திரைக்கு அப்படிச் செய்த முதல் நாடு மலேசியாதான். எகிப்தில் தயாரான மாத்திரை வந்தது. சிகிச்சைச் செலவு 300 டாலர் அளவுக்கு இறங்கியது. லாரி அண்ணனும் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் குணமானார். இப்போது கோழிக்குஞ்சு வளர்க்கிறார். காலையில் சேவல் கூவி என் தூக்கம் கெடுவது தனிக்கதை.

இது நமக்குப் புதிதும் இல்லை. 2003-இல் எய்ட்ஸ் மருந்துகளுக்கும் இதே உரிமையைப் பயன்படுத்தி இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடம் வாங்கினோம்.

அப்படியானால் ஏழை நாடுகளும் இதைச் செய்யலாமே? விதிப்படி செய்யலாம். ஆனால் சொந்த ஆலை இல்லாத நாடு வேறு நாட்டிடம் செய்து தரச் சொல்ல வேண்டும். உலக வர்த்தக அமைப்பில் அதற்கென்று தனி வழி இருக்கிறது. அந்த வழியில் மருந்து போனது ஒரே ஒரு முறைதான். ருவாண்டா 2007 ஜூலையில் கேட்டது, கனடாவிலிருந்து எய்ட்ஸ் மருந்து 2008 செப்டம்பரில்தான் கிளம்பியது. 2021-இல் பொலிவியா கோவிட் ஊசிக்காக ஒரு கனடா நிறுவனத்தோடு ஒப்பந்தமே போட்டது. கனடா அரசின் அனுமதி கடைசி வரை வரவில்லை. நோயாளி மூச்சுக்குத் திணறும்போது பாரம் நிரப்பச் சொன்ன கதைதான்.

இதனால்தான் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், கோவிட் முடியும்வரை இந்தக் காப்புரிமைகளை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டன. மலேசியாவும் பின்னர் அந்தக் கோரிக்கையில் சேர்ந்துகொண்டது. முடிவு வர 2022 ஜூன் ஆனது. அதுவும் தடுப்பூசிக்கு மட்டும். பரிசோதனைக் கருவிக்கும் மருந்துக்கும் இல்லை.

இந்த வாதங்களையெல்லாம் பல்லாண்டாக எழுதிப் பேசி வருபவர்களின் தலைமை அலுவலகம் நம் ஜாலான் மெக்கலிஸ்டரில்தான் இருக்கிறது. மூன்றாம் உலக வலையமைப்பு என்று பெயர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இத்ரிஸ் முயற்சியில் 1984-இல் உருவானது. அதன் இயக்குநராக இருந்த மார்ட்டின் கோர், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து இரண்டு வாரத்தில், 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி இறந்தார். ஜெனிவாவில் ஏழை நாட்டு அதிகாரிகள் தேடிப்போய் ஆலோசனை கேட்ட மனிதருக்கு, சொந்த ஊரில் கூடி அஞ்சலி செலுத்தக்கூட அன்று வழியில்லை.

கடன் விஷயம் நமக்கு எளிதில் புரியும். 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம் வீட்டுக் கடன், கார் கடன் தவணை கட்ட வேண்டாம் என்றார்களே, அதே போல உலக அளவிலும் ஓர் ஒத்திவைப்பு இருந்தது. 48 நாடுகள் சேர்ந்தன; சுமார் 13 பில்லியன் டாலர் தள்ளிப்போனது. தள்ளித்தான் போனது, குறையவில்லை. தனியார் கடன்காரர்களைச் சேரச் சொல்லி வேண்டுகோள் விடுத்தார்கள், ஏறக்குறைய யாரும் வரவில்லை. ஜாம்பியா 2020 நவம்பரிலேயே வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தது. கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு வர 2023 ஜூன், தனியாரோடு 2024. இலங்கைக்கோ அந்த ஒத்திவைப்பிலேயே இடமில்லை. 2022 ஏப்ரலில் அது கைவிரித்தபோது சென்னையிலிருந்து அரிசிக் கப்பல் அடுத்த மாதமே கிளம்பிவிட்டது. பத்திரக் கடன்காரர்கள் இறங்கி வர 2024 டிசம்பர் ஆயிற்று.

2025 மே 20-ஆம் தேதி உலகச் சுகாதார மாநாடு பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு ஊசியில் என்ன பங்கு என்பதுதான் அதில் உயிர்நாடி. பக்கத்து இந்தோனேசியா 2007-இல் பறவைக் காய்ச்சல் மாதிரிகளை அனுப்ப மறுத்துச் சண்டை போட்டதும் இதற்காகத்தான். ஆனால் அந்தப் பகுதியைத் தனி இணைப்பாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதுவும் முடிந்து, 60 நாடுகள் உறுதி செய்தால்தான் ஒப்பந்தத்துக்கு உயிர் வரும்.

அந்த மேசையில் நம் நாட்டுக்கும் நாற்காலி உண்டு. அடுத்த முறை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் சாலைக் குழியைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே நாம் யார் பக்கம் பேசுகிறோம் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.