இயற்கையின் மேல் பழி

வெள்ளம் வந்துவிட்டால் நம் பத்திரிகைகளுக்கு ஒரு தலைப்புத் தயாராக இருக்கிறது: 'இயற்கையின் சீற்றம்!' கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இதைவிடச் சௌகரியமான வில்லனை எந்தக் கதாசிரியனும் சிருஷ்டித்ததில்லை. இயற்கையைக் கூண்டில் ஏற்ற முடியாது. குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

கோசி நதியின் கதையைப் பாருங்கள். இமயத்திலிருந்து நேபாளம் வழியாகப் பீகாருக்குள் இறங்குகிற நதி அது. 1954-ல் இந்தியாவும் நேபாளமும் செய்த ஒப்பந்தத்தின்படி எல்லையில் அணை எழுந்தது. இருபுறமும் மண்கரை போட்டார்கள். நேபாள மண்ணில் இருக்கும் கரையையும் பராமரிக்க வேண்டியது இந்தியத் தரப்பே.

2008 ஆகஸ்ட் 18-ல், நேபாளத்துக் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் ஓடிய நீர் விநாடிக்குச் சுமார் 1,44,000 கன அடி. கரை தாங்குவதற்கென்று போட்ட கணக்கோ 9,50,000! ஆறில் ஒரு பங்கு நீருக்கு உடைந்த கரையைக் காட்டி, 'இயற்கை சீறிவிட்டது' என்றால் நம்புவதா? கரை அரிபடுவது முன்பே கண்ணில் பட்ட விஷயம். நதி பழைய தடத்தில் புகுந்தது. பீகாரில் மட்டும் 30 லட்சம் ஜனங்களுக்கு மேல் தத்தளித்தார்கள். பிறகு என்ன? 'வேலை செய்ய விடவில்லை' என்றது இந்தப் பக்கம். 'பராமரிக்கவில்லை' என்றது அந்தப் பக்கம்.

"அண்டை நாடுகளாவது, ஒத்துழைப்பதாவது!" என்று சிரிக்கும் புத்திசாலிகளுக்கு ஒன்று சொல்வேன். 1970-ல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். 2020-ல் அதே வங்கக் கரையோரம் வந்த ஆம்பன் புயலில் இரு நாட்டிலும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர். இடையில் காற்று சாதுவாகிவிடவில்லை. புகலிடங்கள் எழுந்தன, எச்சரிக்கை எல்லை தாண்டிப் போயிற்று. இன்று புயலுக்குப் பெயர் வைக்க 13 நாடுகள் சேர்கின்றன. 2021-ல் பாகிஸ்தான் சூட்டிய 'குலாப்' என்ற பெயரோடு ஒரு புயல் ஆந்திரக் கரையைக் கடந்தது. யாருடைய கௌரவம் குறைந்துவிட்டது?

காற்றுக்குச் செய்ததை ஆற்றுக்குச் செய்ய என்ன தடை? இரு நாட்டு எஞ்சினீயர்களும் சேர்ந்து கரையைப் பார்க்கட்டும். நீர்மட்டத்தை ரகசியக் கோப்பில் பூட்டாமல் கரையோரத்துக் குடியானவனுக்கும் சொல்லட்டும். உடைந்தால் பொறுப்பு யாருக்கு என்பதை மழைக்கு முன்பே எழுதி வைக்கட்டும்.

அடுத்த முறை 'இயற்கையின் சீற்றம்' என்று யாராவது சொன்னால், தயவு தாட்சண்யம் பாராமல் கேளுங்கள்: "ஐயா, அன்று ஆற்றில் எத்தனை கன அடி ஓடிற்று?"