களையைக் கொல்லும் விதையா, கையைக் கட்டும் விதையா?

கன்னிப்பூவுக்குப் பொடிவிதை போட்ட வயலில் களை நெல்லை முந்திவிட்டது என்று பக்கத்து வயல்காரத் தம்பி வந்து நின்றார். "அண்ணாச்சி, மருந்தடிச்சா களை மட்டும் சாவும், நெல்லு அப்படியே நிக்கும்னு ஒரு விதை வந்திருக்காமே. நமக்குக் கிடைக்குமா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். களை பறிக்க ஆள் இல்லை. ஆள் கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. இயற்கை விவசாயத்துக்கு வந்த முதல் இரண்டு வருசம் என் வயலும் அப்படித்தான் கிடந்தது.

அவர் சொன்னது வெறும் வதந்தியும் இல்லை. இமாசிதாபிர் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் பூசா பாஸ்மதி 1979, 1985 ஆகிய நெல் ரகங்கள் 2021-ல் வந்துவிட்டன. இவை மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல. கடுகிலோ டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றப் பயிரே வந்தது. குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு அதில் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. 2024 ஜூலை 23-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள்.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த விதை களையைக் கொல்லாது. மருந்துதான் கொல்லும். விதை வாங்கினால் மருந்தும் வாங்கியாக வேண்டும்.

அந்த மருந்தும் எத்தனை நாளைக்கு? பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரானை வருசக்கணக்கில் அடித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் 'குல்லி தண்டா' என்ற களை அதற்குச் சாகாமல் நிமிர்ந்து நின்றது. அமெரிக்காவில் 2002-ல் களைக்கொல்லி தாங்கும் நெல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தக் குணம் வயலில் கிடந்த காட்டு நெல்லுக்கும் தாவிவிட்டது. காட்டு நெல்லும் நெல்லும் ஒரே இனம், மகரந்தம் கலக்கத்தானே செய்யும்? நம்ம வயலிலும் காட்டு நெல் இருக்கிறது.

இன்னொன்று, நம்ம ஊருக்கே உரியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளே சொல்லும். கன்னிப்பூ நிற்கும் ஆனி, ஆடியில்தான் அது ஆளைத் தள்ளும். அந்தக் காற்றில் ஒருத்தர் அடிக்கும் மருந்து அவர் வரப்போடு நிற்குமா? வரப்பு உளுந்தும், அடுத்த வயல் கீரையும், தோவாளைப் பிச்சிப்பூவும் மருந்து தாங்கும் விதையில் முளைத்தவை அல்லவே!

கடுகு வயலில் களைக்கொல்லி அடிக்கக் கூடாது, விதை உற்பத்திக்கு மட்டும்தான் என்று அரசு நிபந்தனை போட்டது. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு அனுமதியே இல்லை. ஆனாலும் மகாராஷ்டிரத்தில் 2019-ல் அதை வெளிப்படையாகவே விதைத்தார்கள். கடுகு வயலை மட்டும் யார் காவல் காப்பது?

சரி, களைக்கு என்ன வழி? நான் செய்ததைச் சொல்கிறேன். கும்பப்பூ அறுத்ததும் கோடை மழையில் ஒரு உழவு. களை முளைத்ததும் மறு உழவு. பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதேன். கால்வாயில் தண்ணீர் வந்ததும் வரிசை நடவு, பத்து நாள் இடைவெளியில் கோனோவீடர். காட்டு நெல்லைக் கதிர் முற்றும் முன்னே பிடுங்கினேன். ஒரே பூவில் பலன் தெரியவில்லை. மூன்றாம் வருசம்தான் களை அடங்கியது. இன்றும் ஒரு கைக்களை எடுக்கத்தான் செய்கிறேன்.

தண்ணீர் பிந்தினால் இந்த வழி தடுமாறும், அதையும் மறைக்கவில்லை. அப்போது பொடிவிதையை வீசாமல் வரிசையில் போட்டால் சக்கரக் களைக்கருவி ஓட்டலாம். ஊராட்சிக்கு ஒரு வரிசை விதைப்புக் கருவி, பெண்கள் தள்ளக்கூடிய எடையில் நாலு களைக்கருவி, இவற்றை வாடகைக்குத் தரட்டும். நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "அடுத்த கன்னிப்பூவுக்குப் பத்து சென்ட் மட்டும் வரிசையில போட்டுப் பாருங்க. கருவி நான் தாரேன்" என்றேன். யோசித்தார். "பத்து சென்ட்தானே, பாத்துருவோம் அண்ணாச்சி" என்றார். எனக்கு அது போதும்.