மூஞ்சூறா, டாரன்டுலாவா... யார் கில்லாடி?

ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த செட்டிநாட்டு வீடுகளில், விளக்கணைத்த பிறகு சுவரோரமாக ‘கீச் கீச்’ என்று ஒன்று ஓடும். “எலி!” என்று உடனே விளக்குமாற்றைத் தேடுவார்கள். ஓடியது எலி அல்ல, மூஞ்சூறு. பக்கத்திலிருக்கும் பிள்ளையார்பட்டியில் கும்பிடுகிறோமே, அந்தப் பிள்ளையாரின் வாகனம்!

மூஞ்சூறுக்கு எலியைப் போலக் கொறிக்கும் பற்கள் கிடையாது. கரப்பானும் பூச்சிகளும்தான் அதற்கு விருந்து. அதே விருந்துக்கு இன்னொரு இரவு வேட்டைக்காரரும் உண்டு. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், ராமேஸ்வரம் பகுதியின் மரப்பொந்துகளில் வாழும் டாரன்டுலா சிலந்தி. 2004-ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் இதைப் புதிய இனமாக அறிவித்து, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே வைத்தார்.

இருவரையும் மோதவிட்டுப் பார்ப்போமா?

சாப்பாடு: மூஞ்சூறு வெப்ப ரத்தப் பிராணி. உடல் சூட்டைக் காக்க அடிக்கடி சாப்பிட்டாக வேண்டும். ஒருநாள் பட்டினிகூட ஆபத்து. டாரன்டுலாவுக்கு அந்தக் கவலை இல்லை. பொந்து வாசலில் காத்திருந்து, அதிர்வை உணர்ந்ததும் பாயும். வாரக்கணக்கில் பட்டினி கிடக்கவும் தெரியும்.

ஆயுதம்: மூஞ்சூறுக்கு உடலிலிருந்து வரும் நாற்றமே கவசம். டாரன்டுலாவுக்கு விஷம். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும், டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால், இந்த வகைச் சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை.

ஆயுள்: மூஞ்சூறு சுமார் 2 வருடம்தான் வாழும். ஆனால், கருவுற்ற ஒரே மாதத்தில் குட்டி போட்டுவிடும். ஒன்றின் பின்புறத்தை மற்றொன்று கவ்வியபடி, குட்டிகள் தாயின் பின்னால் ரயில் போல ஓடுவது தனி அழகு. டாரன்டுலாவில் பெண் சிலந்தி பருவத்துக்கு வரவே சில வருடங்கள் ஆகும். அதன்பின் பல வருடங்கள் வாழும்.

வேகத்தில் மூஞ்சூறு, பொறுமையில் டாரன்டுலா. போட்டி சமன்!

ஆனால், இழப்பு சமன் அல்ல. மூஞ்சூறுகள் சீக்கிரமே பெருகிவிடும். ஒரு பழைய மரத்தை வெட்டினால், பல வருடம் வளர்ந்த சிலந்தி வீட்டோடு போய்விடும். 2008-லேயே இது மிக அபாய நிலையில் உள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டுவிட்டது. வளர்ப்புக்காகப் பிடித்து விற்பதும் நடப்பதால், 2019-ல் இந்தச் சிலந்தி வகையின் சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

அதனால், வீட்டில் மூஞ்சூறு வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள், சுவரோரமாகவே வெளியேறிவிடும். தோப்பில் பொந்துள்ள பழைய மரம் இருந்தால், கோடரியை எடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்!