ஒரேயொரு வாசகருக்கு எழுதப்படும் கட்டுரைகள்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒரு மாணவி அண்மையில் தனது ஒப்படையைக் கொண்டுவந்து காட்டினார். வடபுலத்து முஸ்லிம்களின் கவிதைகள் பற்றியது. நல்ல உழைப்பு, நல்ல புள்ளியும் கிடைத்திருந்தது. ஆனால் முதற் பக்கத்திலேயே, ‘1990 இல் முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தனர்’ என்றிருந்தது.

“இடம்பெயரவில்லைப் பிள்ளை, வெளியேற்றப்பட்டோம்” என்றேன்.

“புள்ளி போட்டவை ஒண்டும் சொல்லேல்லை, சேர்” என்றார்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகும்படி விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டோர் 70,000 இற்கும் மேல். எனினும், அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை. அவருடைய கட்டுரை போன வழிமீதுதான் கோபம். மாணவி எழுதினார், ஒருவர் திருத்தினார், கோப்பு மூடப்பட்டது. அதுவே ஒரு வலைப்பதிவில் வந்திருந்தால், புத்தளத்திலிருந்து யாரேனும் அன்றிரவே பின்னூட்டம் எழுதியிருப்பார்.

வலைப்பதிவை வைத்து இலக்கிய மாணவரை மதிப்பிடுவதா என முகஞ்சுளிக்கும் கல்விமான்களுக்கு ஒன்று சொல்வேன். 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக வந்த கைலாசபதி, 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்தவர். பொது வாசகருக்கு எழுதியதால் அவருடைய புலமை குறைந்துவிடவில்லை. அங்கே கற்பித்த எம். ஏ. நுஃமான், 1981 இல் நூலகம் எரிக்கப்பட்டபோது எழுதிய ‘புத்தரின் படுகொலை’ எந்த வினாத்தாளுக்கும் விடையாக எழுதப்பட்டதல்ல.

பார்த்தெழுதுவார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவிடம் எழுதுவிப்பார்கள் என்பது ஓர் ஆட்சேபம். குறிப்புகளை மனனம் செய்து பரீட்சை மண்டபத்தில் ஒப்புவிப்பது மட்டும் சுயமான எழுத்தா? முதல் வரைவு, அதற்கு வந்த மறுப்பு, மாணவரின் பதில், திருத்திய வடிவம் ஆகிய நான்கையும் பார்த்து, நேரில் கேள்வி கேட்டுப் புள்ளி போடுங்கள். பாராட்டுகளின் எண்ணிக்கைக்குப் புள்ளி வேண்டாம்.

மற்றது, அச்சம். இதை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஒரு கருத்துக்காக உயிர் போன ஊர் இது. விரும்பும் மாணவர் புனைபெயரில் எழுதட்டும். தமிழ் இலக்கியத்துக்குப் புனைபெயர் புதிதல்ல. வீட்டில் கணினியோ இணையமோ இல்லாத தீவகத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகமே அந்த வசதியைக் கொடுக்க வேண்டும்.

இறுதிப் பரீட்சையை ஒழிக்கச் சொல்லவில்லை. தொடர் மதிப்பீட்டில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். எங்களைப் பற்றி எழுதப்படுவது எங்கள் கண்ணிலும் பட வேண்டும். பிழையென்றால் பிழை என்று சொல்ல எங்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

அந்த மாணவி சொல்லைத் திருத்திவிட்டார். திருத்திய பிரதி அவருடைய மேசை லாச்சியில் கிடக்கிறது.