இது பாட்டோ, மோட்டர்ச் சத்தமோ?

போன மாதம் எங்கட ஆக்களில் ஒருத்தன்ர வீட்டு விறாந்தையில் இருந்து, 'செனியாவா' குழுவின் 'அல்கிசா' அல்பத்தைச் சத்தமாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் அவனுடைய அம்மா குசினிக்குள்ளால எட்டிப் பார்த்து, "தம்பி, தண்ணி மோட்டரை நிப்பாட்டு. பெயரிங் போயிட்டுது போல கிடக்கு" எண்டா. விழுந்து விழுந்து சிரிச்சம். பிறகு யோசிச்சால், அந்த இடத்தில் ஆகச் சரியாகக் காது குடுத்தது அவதான். நாங்கள் ஃபோனை நோண்டிக்கொண்டு கேட்டோம். அவ எங்க என்ன பிழைக்குது எண்டு கேட்டா.

இலத்திரனியல் இசை, இண்டஸ்ட்ரியல் இசை பற்றி எழுதினால் எங்களுக்கு வருகிற முதல் கேள்வியும் அந்த அம்மாவின் கேள்விதான்: இது பாட்டா, சத்தமா? இரண்டாவது கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரப் பெடியளின்ர கறுப்புச் சேட்டு விளையாட்டு, எங்களுக்கு எதுக்கு? முதல் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை, அது தேவையும் இல்லை. இரண்டாவதுக்குச் சொல்ல நிறைய இருக்கு.

செனியாவா இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவைச் சேர்ந்த இரண்டே பேர். ருல்லி ஷபாரா குரல், வுகிர் சுர்யாடி வாத்தியம். வாத்தியம் எண்டால் கடையில் வாங்கினது இல்லை. ஒரு பெரிய மூங்கிலை எடுத்து, அதன் தோலையே கீறி நரம்பாக்கி, பிக்கப் பூட்டி, அம்ப்ளிஃபையருக்குள் குடுத்தால் ஒரே தடியில் தாளமும் சுரமும் இரைச்சலும் வருகுது. விவசாயக் கருவிகளில் இருந்தும் அவர் வாத்தியம் செய்கிறவர். ருல்லி ஒரு நேரம் ஓதுகிற மாதிரிப் பாடுவார், அடுத்த நிமிசம் தொண்டை கிழியும். 'அல்கிசா' எண்டால் கிட்டத்தட்ட 'முன்னொரு காலத்திலே' எண்டு அர்த்தம். அரபியில் இருந்து போன சொல். எங்கட முஸ்லிம் புலவர்கள் எழுதிய 'கிஸ்ஸா' இலக்கியத்தில் இருக்கிறதும் அதே சொல்தான்.

ஆனால் அந்த அல்பத்தை நாங்கள் திரும்பத் திரும்பக் கதைக்கிறதுக்குக் காரணம் சத்தம் மட்டும் இல்லை, அது வெளிவந்த விதம். 2021 பெப்ரவரியில் அதை வெளியிட்டது ஒரு லேபிள் இல்லை, 44 லேபிள்கள். உலகத்தின் வேறு வேறு மூலைகளில் இருக்கிற சின்னச் சின்ன லேபிள்கள். ஒவ்வொன்றும் தனக்கு ஏலுமான அளவு, தனக்குப் பிடிச்ச அட்டையோடு, தன்ர ஊரில் அடிச்சுது. சிலர் வினைல், சிலர் கசற். சிலர் தங்கட ஊர்க் கலைஞர்களைக் கொண்டு றீமிக்ஸ் செய்து சேர்த்தார்கள். 'எங்கட பிரதிதான் அசல்' எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. அதிகாரம் ஒரு இடத்தில் குவியக்கூடாது எண்டு பாட்டில் சொல்லிப்போட்டு, உரிமையை மட்டும் ஒரே கொம்பனிக்கு எழுதிக் குடுக்கிற ஆக்கள் நிறைய. இவர்கள் சொன்னதைச் செய்தும் காட்டினார்கள்.

இந்தோனேசியாவிலேயே, பாலியில் இருந்து வருகிற 'காபர் மோடஸ் ஒப்பெராண்டி'யையும் கேளுங்கோ. ஜாவாவின் ஜதிலான் சாமியாட்ட இசையையும் டங்டுட்டையும் எடுத்து, நெதர்லாந்தில் பிறந்த காபர் டெக்னோவின் வேகத்துக்குள் தள்ளுகிற இரண்டு பேர். 2019 இல் 'ஹொக்ஸ்யா' வந்தது, ஷங்காய் லேபிள் ஒன்றின் ஊடாக. அவர்களில் ஒருவரான காசிமின், 2022 இல் பியோர்க்கின் 'ஃபொசோரா' அல்பத்திலும் வேலை செய்திருக்கிறார். இதைக் கேட்டால், எங்கட பக்கத்தில் ஒரு பறை லூப்பை வெட்டி நாலு அடிக் கிக்குக்கு மேல் ஒட்டிப்போட்டு 'தமிழ் டெக்னோ' எண்டு போடுகிற பதிவுகள் ஏன் சப்பெண்டு இருக்குது எண்டு விளங்கும். அங்கே நாட்டார் இசைதான் மெஷினை இழுக்குது. இங்கே மெஷினுக்குப் பக்கத்தில் பறை அலங்காரத்துக்கு நிற்குது. மாயா, அதுதான் எம்.ஐ.ஏ., 2007 இல் வந்த 'கலா'வுக்காகச் சென்னையில் உறுமிக்காரரோடு பதிவு செய்தபோது அந்த வித்தியாசம் தெரிஞ்சுதான் செய்தா. 2010 இல் வந்த 'மாயா' அல்பத்தில் துளைபோடும் மெஷினின் இரைச்சலையே தாளமாக்கினா. அப்போது கன விமர்சகர்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்களுக்கு அவவின் அல்பங்களில் ஆகப் பிடிச்சது அதுதான்.

வெள்ளைக்காரர் கதைக்கும் வருவோம். 'இண்டஸ்ட்ரியல்' எண்ட பெயரே ஒரு சுயாதீன லேபிளின் பெயர்தான். 'த்ரொபிங் கிறிசில்' குழு 1976 இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'இண்டஸ்ட்ரியல் றெக்கோர்ட்ஸ்'. அவர்களின் முதல் எல்.பி. 1977 இல் முதல் தரம் அடிக்கப்பட்டது 785 பிரதிகள். ஒரு முழு இசை வகைக்குப் பெயர் வைச்ச இசைத்தட்டு அவ்வளவுதான். எங்கட ஆக்கள் யூரியூப்பில் 700 பார்வை வந்தால் 'ஒருத்தரும் பார்க்கேல்லை' எண்டு பாட்டை அழிக்கினம்.

பெர்லினின் 'ஐன்ஸ்ட்யூர்ட்சென்ட நொய்பௌட்டன்' (இடிந்து விழும் புதுக் கட்டிடங்கள் எண்டு அர்த்தம்) 1980 இல் தொடங்கேக்க அவர்களிடம் காசு இல்லை. காசில்லாமல் ட்ரம் செற்றை வித்துப்போட்டு, தகரம், இரும்பு, ஸ்பிரிங் எண்டு கிடைச்சதில் எல்லாம் அடிச்சார்கள். நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் பொள்ளுக்குள் இறங்கியும் பதிவு செய்தார்கள். பாணி பிறகு வந்தது, முதல் வந்தது தட்டுப்பாடு. 2002 இல் லேபிளை நம்பாமல் நேரே இரசிகர்களிடம் இணையத்தில் முற்பணம் வாங்கி, ஒத்திகையை அவர்களுக்கு நேரலையில் காட்டி, அல்பம் செய்யத் தொடங்கினார்கள். கிக்ஸ்டார்ட்டர் எல்லாம் வாறதுக்கு ஏழு வருசம் முந்தி. 2024 ஏப்ரலில் 'ராம்பென்' வந்தது, தங்கட சொந்த லேபிளில். 2022 சுற்றுப் பயணத்தில் மேடையிலேயே திட்டமில்லாமல் வாசிச்சதுகளில் இருந்து எடுத்த பாட்டுகள். நாப்பது வருசத்துக்கு மேலாகத் தகரம் தட்டுகிற ஆக்கள் இன்னும் களைக்கேல்லை. எல்லாப் பாட்டும் நல்லம் எண்டு சொல்லமாட்டோம், சிலது இழுவை.

தட்டுப்பாட்டில் இருந்து பிறக்கிற சத்தம் எண்டால் எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைக் கையால சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். சுத்துகிற ஆளின் கை களைச்சால் கசற் பாட்டு இழுபடும். அந்த இழுபாட்டை இண்டைக்குக் கணினியில் ஒரு எஃபெக்டாக வாங்கிப் போடுகினம். வீட்டில் யாராவது அந்தக் கதையைச் சொன்னால் ஃபோனில் பதிஞ்சு வையுங்கோ.

இனி நாங்கள் சண்டை பிடிச்ச விசயம்.

இந்த இசை வகைக்கு ஒரு பழைய வியாதி இருக்கு. கொடூரத்தை அலங்காரமாகப் போடுறது. இண்டஸ்ட்ரியல் றெக்கோர்ட்ஸின் சின்னமே அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் பிணம் எரிச்ச கட்டிடத்தின் படம். பார்த்தால் சும்மா ஒரு தொழிற்சாலை மாதிரித்தான் இருக்கும், அதுதான் அவர்கள் சொல்லவந்தது எண்டு வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு வந்தவர்களுக்கு அந்த வாதமும் தேவைப்படவில்லை. இராணுவச் சீருடை, சைரன், குண்டுச் சத்தம் எல்லாம் ஒரு ஃபேஷன் ஆகிப்போச்சு. யுத்தம் பார்க்காத ஊர்களில் இருந்து வருகிற அல்பங்களில்தான் ஆகக் கூடுதலாகக் குண்டு விழுகுது.

எங்கட கூட்டத்தில் ஒருத்தர் ஒரு ட்ராக் செய்து கொண்டுவந்தார். ஏழு நிமிசம். நடுவில் இணையத்தில் எடுத்த கிபிர்ச் சத்தம், அதைத் தொடர்ந்து ஷெல். வேலைப்பாடு நல்லது, அதில் சந்தேகமில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒரு தோழி ஹெட்ஃபோனைக் கழட்டி வைச்சிட்டு எழும்பி வெளியில் போனா. அவ 2009 இல் அஞ்சு வயசுப் பிள்ளை. திரும்பி வந்து ஒண்டும் சொல்லவில்லை, தேத்தண்ணி போட்டா. செய்த ஆளுக்கும் கோபம்: "எங்கட கதையை நாங்களே சொல்லக்கூடாதோ? வெள்ளைக்காரன் போட்டால் கலை, நான் போட்டால் பிழையோ?" நியாயமான கேள்விதான். இரண்டு மணித்தியாலம் கதைச்சம்.

தடை போடுறதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எங்கட நிலைப்பாடு இதுதான். அந்தச் சத்தம் அந்த ட்ராக்கில் ஒண்டையும் சொல்லவில்லை, பயத்தைக் கடன் வாங்கினது மட்டும்தான். ஒரு பேஸ் ட்ரொப் செய்ய வேண்டிய வேலையை ஷெல்லைக் கொண்டு செய்விச்சிருக்கிறார். அதோட அந்தச் சத்தம் அவருக்குத் தெரிஞ்ச சத்தமும் இல்லை. யாரோ ஏத்தின வீடியோவில் இருந்து வெட்டினது. அவருடைய வீட்டில், அந்த நாளில் இருந்து அவருக்குத் தெரிஞ்ச சத்தம் வேற ஏதாவது இருந்திருக்கும். பங்கருக்குள் இருந்து ஆள் மூச்சு விடுற சத்தமாக இருக்கலாம். அதைப் போட்டிருந்தால் நாங்கள் எல்லாரும் எழும்பி வெளியில் போயிருப்பம், அது வேற விசயம். அந்த ட்ராக்கை எங்கட தொகுப்பில் சேர்க்கவில்லை. எங்களில் மூண்டு பேருக்கு இந்த முடிவு இன்னும் பிடிக்கவில்லை எண்டதையும் இங்கே எழுதச் சொன்னார்கள். எழுதியாச்சு.

அதே தொகுப்புக்கு வந்த இன்னொரு ட்ராக், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு தங்கச்சியின்ர. வேலைத்தளத்துக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டினம். அதால அந்த லைனின் சத்தத்தை முழுக்க வாயால செய்திருக்கிறா. தையல் மெஷின் பிடிக்கிறதும் விடுறதும், நூல் அறுக்கிற கிளிக், மேற்பார்வையாளர் நடந்து வாற செருப்புச் சத்தம், ஒரு மணித்தியாலத்து 'டார்கெட்' எண்ணிக்கையைக் கூப்பிடுகிற குரல். நாலு நிமிசம் பத்துச் செக்கன். ட்ரம் மெஷின் இல்லை, ஒரு இலவச மென்பொருளில் குரலைக் குரலுக்கு மேல் அடுக்கி இருக்கிறா, அவ்வளவுதான். அவ செனியாவாவையும் கேட்டதில்லை, நொய்பௌட்டனையும் கேட்டதில்லை. 'இண்டஸ்ட்ரியல்' எண்ட சொல்லை நாங்கள் விளங்கப்படுத்தினபோது, "ஓ, எங்கட ஃபக்டரியில நாங்கள் பாடுறதோ?" எண்டு கேட்டா.

சரி, இந்த ட்ராக்கை எங்கே போடுறது? இதுதான் எங்கட தலையிடி.

ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தபோது பெரிய கதவு திறந்தது எண்டு எல்லாரும் துள்ளினோம். 2024 இல் இருந்து, ஒரு பாட்டு 12 மாதத்துக்குள் 1,000 தரம் கேட்கப்படாவிட்டால் அதுக்கு ஒரு சதமும் கிடையாது எண்டு விதி வந்தது. சில்லறைக் காசுதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் 785 பிரதி அடிச்ச அந்த எல்.பி.யை இண்டைக்கு அங்கே ஏத்தினால், வாங்கின எல்லாரும் ஒருக்காக் கேட்டாலும் கணக்கில் இல்லை. பாண்ட்காம்ப் இதைவிட நேர்மை. டிஜிட்டல் விற்பனையில் 15 வீதம் எடுக்கும், மிச்சத்தில் பெரும்பகுதி கலைஞருக்கு. 2020 மார்ச்சில் தொடங்கின 'பாண்ட்காம்ப் வெள்ளி'களில் தன்ர பங்கையும் விட்டுக்குடுக்கும். அதுவும் 2022 இல் எபிக் கேம்ஸுக்கும், 2023 இல் சொங்ட்ரேடருக்கும் கைமாறி, அந்தக் கைமாற்றத்தில் வேலை செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. அதோட அங்கே விற்ற காசு பேபால் கணக்குக்குத்தான் வரும். இலங்கையில் ஆண்டுக்கணக்காக பேபாலில் காசு அனுப்பலாம், வாங்க ஏலாமல் இருந்தது. ஆக, யாழ்ப்பாணத்தில் ஒருத்தர் அல்பம் வித்தால் காசு ரொறன்ரோவில் இருக்கிற மச்சானின் கணக்குக்குப் போகும். மச்சான் நல்லவர் எண்டால் சரி.

இந்த இடத்தில் 'அப்ப சும்மா இலவசமாகக் குடுங்கோவன், நைன் இஞ்ச் நெயில்ஸ் குடுக்கேல்லையோ' எண்டு யாராவது சொல்லுவீர்கள். 2008 இல் அவர்கள் 'கோஸ்ட்ஸ்' அல்பத்தின் 36 இசைக்கோவையில் முதல் 9 ஐ இலவசமாகவும், முழுவதையும் 5 டொலருக்கும் குடுத்தது உண்மை. அதே நேரம் 300 டொலர்ப் பெட்டி 2,500 வித்து, சில நாளில் முடிஞ்சது எண்டதும் உண்மை. பெரிய லேபிள் வருசக்கணக்காகச் சேர்த்துக் குடுத்த பேரில் நிண்டு குடுத்த இலவசம் அது. ஆடைத் தொழிற்சாலைத் தங்கச்சிக்கு இலவசமாகப் பாடு எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை. அவ ஏற்கனவே மேலதிக நேரம் வேலை செய்யிறா.

ஆகவே நாங்கள் செய்யப்போறது 44 லேபிள் கதையின் ஒரு குட்டி வடிவம். ஒன்பது ட்ராக். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹற்றன், வெள்ளவத்தை எண்டு அஞ்சு இடத்தில் அஞ்சு கூட்டம், ஆளுக்கு முப்பது மெமரி கார்ட், அட்டை அவரவர் விருப்பம். விலை 500 ரூபா, கையில் காசு. பாதி ட்ராக் செய்தவர்களுக்கு, மிச்சம் கார்ட் செலவுக்கு. இணையத்தில் ஏத்துறதோ இல்லையோ எண்டு இன்னும் சண்டை. தொகையாகப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும், 150 பேர். ஆனால் அந்த 150 பேரும் அதைத் தேடி வந்து, காசு குடுத்து, வீட்டை கொண்டுபோய்ப் போடுவினம்.

ஹற்றன் கூட்டம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற ரோலரின் சத்தத்தைத் தங்கட பிரதிக்கு முன்னுரையாகச் சேர்க்கப்போகினமாம், இரவு வேலை செய்கிற ஒரு அண்ணையிடம் கேட்டிருக்கினம். மட்டக்களப்பின் அட்டை இன்னும் வரேல்லை. வெள்ளவத்தைக்காரர் வழக்கம் போல ஃபோன் எடுக்கினம் இல்லை.