பாறையில் போல்ட் அடிக்கலாமா... யாரைக் கேட்கணும்?

பாறை ஏறுவதில் இரண்டு கட்சி. பாறையைத் துளைத்து நிரந்தரமாக போல்ட் அடித்து, அதில் கயிற்றை மாட்டி ஏறுவது ஒன்று. விரிசலில் கருவியைச் செருகி, ஏறியதும் கழற்றிக்கொள்ளும் பழைய முறை இன்னொன்று.

படகோனியாவின் செர்ரோ டோரே சிகரத்தில் 1970-ல் செசாரே மாஸ்ட்ரி கம்ப்ரசர் கொண்டு நூற்றுக்கணக்கான போல்ட்களை அடித்தார். 2012-ல் இருவர் அவற்றில் நூற்றுக்கும் மேல் பிடுங்கினார்கள். விவகாரம் போலீஸ் வரை போனது. அடித்தவரும் கேட்கவில்லை, பிடுங்கியவர்களும் கேட்கவில்லை. சிக்கலே அதுதான்.

நம்ம கொங்குப் பாறைகளிலோ அறச்சலூர் இசைக் கல்வெட்டும், குமிட்டிபதி ஓவியங்களும் இருக்கின்றன. உயிர் முக்கியம், போல்ட்டே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால், துளை போட்டால் போட்டதுதான். டிரில்லைத் தொடும் முன் ஊர்க்காரர்களையும், வனத்துறை, தொல்லியல் துறையையும் கேளுங்க.