மரபியல்: ஒரு சொல்லின் இரண்டாம் பொருள்

தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்று பெயர். விலங்குகளின், பறவைகளின் இளமைப் பெயர்களில் தொடங்கும் அந்த இயலைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். பரம்பரைக் கூறுகளை ஆராயும் அறிவியலுக்கும் இன்று அதே சொல்தான். இந்த இரண்டாம் பொருளை எனக்குக் கற்பித்தவள் என் மாணவி ஒருத்தி. உதகைக்கு அப்பால் கிளென்மார்கன் அவள் ஊர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பம். சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் விஞ்ச் வண்டியால் மட்டுமே அவ்வூரை நம்மில் பலரும் அறிவோம். அவளுடைய தம்பிக்கு ஏழு வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டது.

லைன் வீடுகளில் உடனே எழுந்த கேள்வி, "யார் வழியில் வந்தது?" என்பது. பழி தாயின் பிறந்தகத்தின் மேல் விழுந்தது. ஓராண்டுக் காலம் அந்த அம்மாள் எந்த விசேஷ வீட்டுக்கும் போகவில்லையாம். இதை அறியாமை என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை, இது அநியாயம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் மிகப் பெரும்பாலும் பெற்றோர் தருவதன்று. எலும்பு மஜ்ஜையின் உயிரணுவில் தானாக நேர்ந்துவிடும் பிழை.

மரபு நுழைவது வேறு வாசலில். நோய் அடங்கிய பின்னும் ஈராண்டுக்கு மேல் நாள்தோறும் விழுங்கவேண்டிய மாத்திரை மெர்காப்டோபியூரின். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் உருவாக்கிய மருந்து அது. 1988இல் நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்கள். அம்மருந்தின் வேகத்தைத் தணிக்கும் நொதிகளுள் ஒன்றை என்.யு.டி.டி.15 என்னும் மரபணு உண்டாக்குகிறது. அதன் வலுக்குன்றிய வடிவம் ஐரோப்பியரிடம் அரிது. ஆசியரிடம், இந்தியர் உட்பட, அத்தனை அரிதன்று. 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அவ்வடிவத்தைப் பெற்ற குழந்தைகள் வகுத்த அளவில் சராசரியாக 8.3 சதவீதத்தையே தாங்கினர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் 63 சதவீதம்.

மாணவியின் தம்பி இரண்டாம் வகை. அது பின்னால் தெரிந்தது. அதற்குள் வெள்ளணுக்கள் இருமுறை சரிந்து, காய்ச்சலில் வாரக்கணக்கில் படுத்துவிட்டான்.

மரபு என்றதும் தலையெழுத்து என்று கைகழுவுவோர் நம்மிடையே உண்டு. 2011இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்கப் பூர்வகுடி மரபுக் கூறு மிகுந்த குழந்தைகளுக்கு இந்நோய் மீண்டும் தலைகாட்டும் அபாயம் கூடுதல் என்றது; கூடவே, சிகிச்சையில் ஒரு கட்டத்தைக் கூட்டியபோது அந்த வேறுபாடு நீங்கியதையும் காட்டியது. எழுத்தைப் படித்தால் மாற்றி எழுதவும் இயலும்.

நீலகிரிக்கு இத்தகைய வாசிப்பு புதிதன்று. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் இம்மலைப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் செல் கூற்றைக் கண்டறிந்து 1952இல் வெளியிட்டனர். 2023இல் மைய அரசு தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. கோடிக்கணக்கானோருக்கு அதைத் திட்டமிடும் அரசு, இரத்தப் புற்றுநோய்ச் சிறுவர்களுக்கு முதல் மாத்திரைக்கு முன் இந்த ஒரு சோதனையை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் செய்யவேண்டும் என்பதே என் கட்சி. வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும்.

பையனுக்கு இப்போது குறைந்த அளவில் மாத்திரை தொடர்கிறது; பள்ளிக்கும் போகிறான். சோதனை முடிவைக் கேட்ட பாட்டி, "அது எந்தப் பக்கத்துச் சொத்து?" என்றாளாம். பெற்றோரைச் சோதிக்கவில்லை, சோதிக்கத் தேவையுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம்.